தெருவும் திரைப்படமும்

வீடு ஒருவருக்கு உரியது. வயல் ஒருவருக்கு உரியது. தெருவோ ஊரார் எல்லார்க்கும் உரியது. செல்வர் ஏறிச் செல்லும் வண்டிக்கும் வறியவர் தலையில் சுமந்து செல்லும் கூடைக்கும் அஃது ஒருங்கே வழிவிடுகின்றது. பள்ளிக்குச் செல்லும் சிறுவரும், மருத்துவமனைக்கு விரையும் நோயாளரும், பணி முடிந்து மீளும் தொழிலாளரும் தெருவை நம்பியே வாழ்கின்றனர். இவ்வாறு எல்லார்க்கும் உரிய ஒன்றை ஒரு சிலர் சில நாள் தமக்கே உரியதாக வைத்துக்கொள்ள விரும்பினால் என் செய்வது? இயலாது என்று மறுத்துவிடுவதா? விரும்பியவாறு செய்துகொள்க என்று விட்டுவிடுவதா? இரண்டும் முறையாகா.

நம் ஊர்களில் தேர்த்திருவிழா நடைபெறுதலை நீங்கள் கண்டிருப்பீர்கள். தேர் வரும் நாளில் நான்கு வீதிகளும் தேருக்கு உரியனவாகின்றன. வண்டிகள் வேறு வழியே திருப்பிவிடப்படுகின்றன. கடைக்காரர் தம் கடைமுன் இட்ட பந்தலை எடுத்துவிடுகின்றனர். இதனால் எவரும் வருந்துவதில்லை. ஏன்? தேர் என்று வரும், எவ்வழியே வரும், எப்பொழுது நிலைக்குத் திரும்பும் என்பன எல்லார்க்கும் முன்னரே தெரியும். தேரை இழுப்பவரும் ஊராரே. ஆனால், முன்பின் அறியாத ஒரு கூட்டத்தார் திடீரென்று வந்து தெருவை அடைத்துக்கொண்டால் ஊரார் பொறுப்பரோ?

திரைப்படம் எடுப்போர் தெருவிற்கு வரும்பொழுது எழும் வினாவும் இதுவே. அவ்வினாவிற்கு அமெரிக்க நாட்டின் பெருநகராகிய நியூயார்க் கண்ட விடை அறியத்தக்கது. அந்நகரம் தெருவில் படமெடுப்பதற்கு ஓர் ஒழுங்கை வகுத்தது. அவ்வொழுங்கில் குறைகள் தோன்றியபொழுது அவற்றைத் திருத்தியும் கொண்டது. அவ்வரலாற்றை இப்பாடத்திற் காண்போம்.

கூடத்திலிருந்து தெருவிற்கு

திரைப்படம் தோன்றிய காலத்தில் அது கூடத்திற்குள்ளேயே எடுக்கப்பெற்றது. அமெரிக்க அறிஞர் தாமஸ் ஆல்வா எடிசன் நியூஜெர்சி மாநிலத்து வெஸ்ட் ஆரஞ்சு என்னும் ஊரில் 1893ஆம் ஆண்டு படமெடுப்பதற்கென்றே ஒரு சிறு கூடம் அமைத்தார். கரிய தாளால் மூடப்பெற்ற அக்கூடத்தின் கூரை திறக்கவல்லது; கதிரவன் செல்லும் திசைக்கேற்பக் கூடம் முழுவதும் சுழலவும் வல்லது. அக்காலத்தில் படத்திற்குக் கதிரவன் ஒளியே விளக்காக இருந்தது என்பதை இதனால் அறியலாம்.

1920ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியிலுள்ள அஸ்டோரியாவிற் பெரியதொரு படப்பிடிப்பு நிலையம் திறக்கப்பெற்றது. எனினும், அதற்கு முன்னரே படத்தொழிலிற் பெரும்பகுதி மேற்குக் கடற்கரையில் உள்ள ஹாலிவுட்டை நோக்கிச் செல்லத் தொடங்கிவிட்டது. 1927ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி ஜாஸ் சிங்கர்’ என்னும் படத்தின் வெற்றியால் பேசும் படங்கள் பரவின. அதன்பின் வெளியோசை சிறிதும் புகாத தடித்த சுவர்களையுடைய கூடங்கள் இன்றியமையாதன ஆயின. தெருக்காட்சி வேண்டுமாயினும் அட்டையாலும் மரத்தாலும் தெருவைப் போன்றதொரு தோற்றத்தை அமைத்துப் படமெடுத்தனர்.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் மக்களின் சுவை மாறியது. உண்மையான தெருவையும் உண்மையான மக்களையும் திரையிற் காண அவர்கள் விரும்பினர். 1948ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி நேக்கட் சிட்டி’ என்னும் படம் நியூயார்க் நகரின் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் எடுக்கப்பெற்றது. வழிச்செல்வோர் கூடி நின்று வேடிக்கை பார்த்துக் காட்சியைக் கெடுத்துவிடாதபடி, ஒரு வண்டிக்குள் படப்பிடிப்புக் கருவியை மறைத்து வைத்து அப்படத்தின் சில காட்சிகளை எடுத்தனர். அதன் ஒளிப்பதிவாளருக்கு அமெரிக்கத் திரைப்பட உலகின் உயரிய பரிசாகிய ஆஸ்கார் விருதும் கிடைத்தது. அதன்பின் தெருவில் எடுக்கப்பெறும் படங்கள் பெருகின.

படக்குழுவின் பரிவாரம்

திரையில் நாம் காண்பது நடிகர் இருவர் தெருவோரம் நின்று உரையாடும் காட்சியாக இருக்கலாம். அக்காட்சி இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆயினும், அதனை எடுப்பதற்காக அத்தெருவிற்கு வருவோர் இருவர் அல்லர். இயக்குநர், ஒளிப்பதிவாளர், ஒலிப்பதிவாளர், விளக்கமைப்போர், ஒப்பனையாளர், உடைகளைப் பேணுவோர், தச்சர், ஓட்டுநர், உணவு பரிமாறுவோர் எனப் பலர் வருவர்.

அவர்களைத் தொடர்ந்து வண்டிகளும் வரும். படக் கருவிகளுக்கு ஒரு லாரி, விளக்குகளுக்கு ஒரு லாரி, நாற்காலி, மேசை முதலிய அரங்கப் பொருள்களுக்கு ஒன்று, உடைகளுக்கு ஒன்று, நடிகர் தங்கி ஒப்பனை செய்துகொள்ளும் அறைவண்டிகள் சில, கழிப்பறை வண்டி ஒன்று, உணவு சமைக்கும் வண்டி ஒன்று. இவற்றிற்கெல்லாம் மின்சாரம் தருவதற்கு ஜெனரேட்டர் ஏற்றிய லாரி ஒன்றும் வரும். பெரிய படமாயின் இவ்வண்டிகளின் வரிசை ஒரு தெருவின் இருமருங்கையும் நிரப்பி அடுத்த தெருவிற்கும் செல்லும். அப்பரிவாரம் விடியற்காலையில் வந்து இரவு நெடுநேரம் சென்ற பின்னரே திரும்புவதும் உண்டு.

இதனால் விளையும் இடர்கள் யாவை? நியூயார்க் நகரில் வீடுகள் நெருங்கி அமைந்தவை. பல வீடுகளில் வண்டி நிறுத்துவதற்குத் தனியிடம் இல்லை. ஆதலின், மக்கள் தங்கள் கார்களைத் தெருவோரத்திலேயே நிறுத்தி வைக்கின்றனர். தெருவைத் துப்புரவு செய்வதற்கென்று குறிக்கப்பெற்ற நாள்களில் ஒரு பக்கத்து வண்டிகளை அப்புறப்படுத்த வேண்டும் என்பதும் அங்குள்ள விதி. இவ்வாறு இடம் தேடி அலைவதே அந்நகர மக்களின் அன்றாடத் தொல்லையாக இருக்கின்றது. அந்நிலையில் இருபது லாரிகள் வந்து நின்றுகொண்டால் இடர் பன்மடங்காகும் அன்றோ? கடைக்கு வருவோர் வண்டி நிறுத்த இடமின்றித் திரும்பிச் செல்வர். கடைக்காரரின் அன்றைய வருவாய் குறையும். முதியோரும் நடக்க இயலாதோரும் தம் வாயிலிலேயே வண்டி ஏற இயலாது வருந்துவர். இரவெல்லாம் எரியும் பெருவிளக்குகளின் ஒளி பலகணி வழியே புகுந்து உறக்கத்தைக் கெடுக்கும்.

ஆயினும், மறுபக்கத்தையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அந்த இருபது லாரிகளை ஓட்டுவோரும் குடும்பம் உடையவரே. தச்சருக்கும், தையற்காரருக்கும், மின்தொழிலாளருக்கும், சமையற்காரருக்கும் அப்படம் ஊதியம் தருகின்றது. அருகிலுள்ள உணவுக்கடையும் மரக்கடையும் துணிக்கடையும் அதனால் விற்பனை பெறுகின்றன. வருவாய் குறைந்த, வேலையற்ற இளைஞர்களைப் படப்பிடிப்பு உதவியாளராக்கும் பயிற்சித் திட்டம் ஒன்றை நியூயார்க் நகரம் 2006ஆம் ஆண்டில் தொடங்கியது. எனவே, படக்குழுவை விரட்டுதலும் ஊருக்கு நன்றன்று. அதன் விருப்பப்படி விட்டுவிடுதலும் நன்றன்று. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள நடுநெறியே அனுமதி முறை ஆகும்.

பல வாயில்களும் ஒரு வாயிலும்

1966ஆம் ஆண்டிற்கு முன்னர் நியூயார்க் நகரில் தெருவிற் படமெடுக்க விரும்புவோர் பல அலுவலகங்களின் படிகளை ஏறி இறங்கவேண்டியிருந்தது. தெருவிற்கு ஓர் அலுவலகம், பூங்காவிற்கு வேறொன்று, பாலத்திற்கு மற்றொன்று, தீப்பிழம்பு காட்டுவதாயின் தீயணைப்புத் துறை, போக்குவரத்தை நிறுத்துவதாயின் காவல் துறை. ஓரிடத்துப் பெற்ற இசைவை மற்றோரிடத்தார் ஏற்கவும் மாட்டார். இவ்வலைச்சலுக்கு அஞ்சிப் பலர் அந்நகரைப் பற்றிய கதைகளையும் வேறு நகரங்களில் எடுத்தனர்.

1966ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஜான் லிண்ட்சே என்பார் அந்நகரின் மேயராகப் பதவியேற்றார். படத்தொழிலால் நகருக்கு வரக்கூடிய வருவாயையும் வேலைவாய்ப்பையும் எண்ணிய அவர், அவ்வாண்டிலேயே திரைப்படங்களுக்கென்று ஒரு தனி அலுவலகத்தை அமைத்தார். இனிப் படக்குழுவினர் அந்த ஓர் அலுவலகத்திற்கு விண்ணப்பித்தாற் போதும்; ஏனைய துறைகளோடு பேசி முடிவு செய்தல் அவ்வலுவலகத்தின் பொறுப்பு. படப்பிடிப்பிற்கு உதவுவதற்கென்றே காவல் துறையிலும் ஒரு தனிப்பிரிவு ஏற்படுத்தப்பெற்றது. அமெரிக்க நகரங்களுள் இத்தகைய அலுவலகத்தை முதன்முதலில் அமைத்தது நியூயார்க்கே என்பர். பின்னர்ப் பல நகரங்கள் இம்முறையைப் பின்பற்றின.

இம்முறையின் பயன் படக்குழுவிற்கு மட்டும் உரியதன்று. முன்னர், தெருவில் இடர்ப்பட்ட ஒருவர் யாரிடம் முறையிடுவது என்று அறியாது திகைத்தார். இப்பொழுதோ இசைவு தந்த அலுவலகம் ஒன்றே. ஆதலின் பொறுப்பும் அதனிடமே உள்ளது. ஒரு செயலுக்கு உரியவர் இன்னார் என்று வரையறுக்கப்பெற்றாலன்றி முறையீட்டிற்குப் பயன் கிட்டாது. ஆட்சியியலில் இஃது ஓர் அடிப்படை உண்மை.

இசைவு பெறும் வகை

படக்குழுவினர் தம் விண்ணப்பத்தில் எந்நாளில், எத்தெருவில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை படமெடுப்பர். எத்தனை வண்டிகள் வரும். எவ்வகைக் காட்சி எடுக்கப்பெறும் என்பனவற்றைத் தெரிவித்தல் வேண்டும். பொதுமக்களுக்கோ பொதுச்சொத்துக்கோ கேடு நேர்ந்தால் ஈடு செய்வதற்காகப் பத்து இலட்சம் டாலர் அளவிற்குக் காப்பீடும் செய்திருத்தல் வேண்டும். தெருவைப் பயன்படுத்துவதற்கு நகரம் வாடகை பெறுவதில்லை; ஆனால், விண்ணப்பத்தை ஆராய்வதற்காக 2010ஆம் ஆண்டில் 300 டாலர் கட்டணம் விதிக்கப்பெற்றது.

துப்பாக்கி போன்ற போலிப் படைக்கலங்களைக் காட்டும் காட்சியாயின் காவலர் உடனிருத்தல் வேண்டும். ஏனெனில், அது நடிப்பு என்று அறியாத ஒருவர் உண்மையிலேயே கொள்ளை நடைபெறுகின்றது என்று அஞ்சி ஓடலாம். அல்லது வேறொரு காவலர் உண்மையென்று நம்பித் தம் துப்பாக்கியை எடுத்துவிடலாம். ஒரு சிறு அறிவிப்பு இல்லாமையால் உயிருக்கே கேடு நேரக்கூடும்.

ஒரே தெரு அழகாயிருக்கின்றது என்று எல்லாப் படக்குழுவினரும் அங்கேயே வருவதும் உண்டு. புரூக்ளின் பகுதியிலுள்ள கிரீன்பாயிண்ட் போன்ற இடங்களில் மக்கள் இதனால் சலிப்புற்றனர். அத்தகைய தெருக்களுக்குச் சில காலம் ஓய்வளித்து, புதிய இசைவு தராது நிறுத்தி வைத்தலும் அவ்வலுவலகத்தின் கடமைகளுள் ஒன்று.

வண்டி நிறுத்தும் முறை

வண்டிகளுக்கு இடம் ஒதுக்குவதில் முதன்மையானது முன்னறிவிப்பு. படப்பிடிப்பிற்குக் குறைந்தது 48 மணி நேரத்திற்கு முன்பே தெருவில் அறிவிப்புத்தாள்களை ஒட்டுதல் வேண்டும். எந்நாள் முதல் எந்நாள் வரை அங்கு வண்டி நிறுத்தலாகாது என்பதும், படத்தின் பெயரும், தொடர்புகொள்ள வேண்டிய தொலைபேசி எண்ணும் அதில் இருக்கும். இரண்டு நாள் முன்னதாக அறிந்தவர் தம் வண்டியை வேறிடத்தில் நிறுத்திக்கொள்வர். நோயாளியை மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டியவர் அதற்குத்தக ஏற்பாடு செய்துகொள்வர். முன்னறிவிப்பு இல்லாதபொழுது சிறு இடரும் பெரிதாகத் தோன்றும். முன்னரே அறிந்தால் பேரிடரும் பொறுக்கத்தக்கதாகும்.

அறிவிப்பைக் காணாது ஒருவர் ஊருக்குச் சென்றுவிட்டால் அவர் வண்டி என்னாகும்? அதனை இழுத்துச் சென்று அருகில் முறைப்படி நிறுத்தத்தக்க வேறோர் இடத்தில் விடுவர். இதற்காக உரியவரிடம் கட்டணமோ தண்டமோ பெறுவதில்லை. குற்றம் செய்தவரின் வண்டியை அகற்றுதல் வேறு. குற்றமற்றவரின் வண்டியைப் பிறர்பொருட்டு இடம் மாற்றுதல் வேறு. இவ்வேற்றுமையை விதி தெளிவாகக் காட்டுகின்றது. தம் வண்டியைக் காணாதவர் அப்பகுதிக் காவல் நிலையத்தையேனும் 311 என்னும் நகரத் தொலைபேசி எண்ணையேனும் அழைத்து விவரம் அறியலாம்.

இசைவுச் சீட்டு கையில் இருப்பதனாலேயே படக்குழுவினர் எதனையும் செய்யலாம் என்று எண்ணலாகாது. அந்நகரில் தீயணைக்க நீர் தரும் குழாயிலிருந்து இருபுறமும் 15 அடி தொலைவிற்கு வண்டி நிறுத்தலாகாது என்பது விதி. படக்குழுவும் இதற்குக் கட்டுப்பட்டதே. தீப்பற்றிய வீட்டார்க்கு, வழியை மறித்து நின்ற வண்டி ஒரு புகழ்பெற்ற நடிகரின் வண்டி என்பதனால் ஆறுதல் உண்டாகுமா?

ஒலியும் அமைதியும்

வண்டிகளால் வரும் இடர் கண்ணுக்குத் தெரிவது. ஒலியால் வரும் இடர் கண்ணுக்குத் தெரியாதது. ஆயினும், பின்னதே மக்களைப் பெரிதும் வாட்டுவது. ஜெனரேட்டரின் இடையறாத இரைச்சல், லாரிகள் பின்னோக்கி வரும்பொழுது எழும் கூவல், ஒலிபெருக்கியில் இடும் கட்டளை, இரும்புக் கம்பிகளை இறக்கும் ஓசை ஆகியன நள்ளிரவிற் பெருந்துன்பம் தருவன.

ஒலியின் அளவை டெசிபல் என்னும் அலகாற் குறிப்பர். இவ்வலகைப் பற்றி ஓர் உண்மையை நீங்கள் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். நீளத்தையும் எடையையும் அளப்பது போன்றதன்று இது. 10 டெசிபல் மிகுந்தால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகின்றது. 20 டெசிபல் மிகுந்தால் நூறு மடங்காகின்றது. மெல்லப் பேசும் கிசுகிசுப்பு ஏறத்தாழ 30 டெசிபல். இயல்பான உரையாடல் ஏறத்தாழ 60 டெசிபல். எண்ணிற் காணும் வேறுபாடு சிறிதாயினும் ஆற்றலில் உள்ள வேறுபாடு மிகப் பெரிது.

நியூயார்க் நகரம் 2005ஆம் ஆண்டில் தன் ஒலிக்கட்டுப்பாட்டுச் சட்டத்தைத் திருத்தி, 2007ஆம் ஆண்டில் நடைமுறைக்குக் கொணர்ந்தது. அச்சட்டம் ஒரு நுட்பத்தைக் கையாளுகின்றது. ஓரிடத்தில் இயல்பாகவே இருக்கும் ஓசையை முதலில் அளக்கின்றனர். பகலில் அதனினும் 10 டெசிபலோ அதற்கு மேலோ மிகுந்து ஒலிப்பதும், இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை 7 டெசிபலோ அதற்கு மேலோ மிகுந்து ஒலிப்பதும் தகாத ஓசை எனக் கொள்ளப்படும். இவ்வேறுபாடு ஏன்? பகலில் நகரம் தானே ஆரவாரிக்கின்றது; அவ்வாரவாரத்தில் வேறோர் ஓசை கலந்து மறைகின்றது. இரவில் தெரு அடங்கியிருக்கின்றது. சிறு ஓசையும் தனித்து நின்று செவியைத் தாக்குகின்றது. உறங்குவோர் மிகுதியாக உள்ள வேளையும் அதுவே.

இங்கு ஒரு வியப்பைக் கருதுங்கள். உலகில் அமைதியை மிகுதியாக வேண்டுவோருள் படக்குழுவினரும் ஒருவர். நடிகர் பேசத் தொடங்குமுன் உதவியாளர் ஒருவர் உரத்த குரலில் அமைதி வேண்டுவார். அப்பொழுது எவரும் நடத்தலாகாது, இருமலாகாது. தெருவில் ஒரு நாய் குரைத்தாலும் காட்சியை மீண்டும் எடுக்கவேண்டும். இதன்பொருட்டே ஓசையை அடக்கும் உறையுள் வைக்கப்பெற்ற ஜெனரேட்டர்களை அவர்கள் கையாளுகின்றனர். அவற்றை நெடுந்தொலைவில் நிறுத்திக் கம்பிவழி மின்சாரம் பெறுகின்றனர். தம் தொழிலுக்காக அமைதியின் அருமையை இவ்வளவு உணர்ந்தவர்கள் பிறர் உறக்கத்திற்காகவும் அதனை உணர்தல் தகுதியன்றோ?

மேற்குக் கடற்கரையிலுள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இவ்விசைவுப் பணியை இலாப நோக்கமற்ற நிறுவனம் ஒன்று நகரத்தின் சார்பாகச் செய்கின்றது. படப்பிடிப்பு நடைபெறும் இடத்தைச் சூழ வாழ்வோர்க்கும் கடை நடத்துவோர்க்கும் அது முன்னறிவிப்பு அனுப்புகின்றது. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணிக்குப் பின்னும் படமெடுக்க வேண்டுமாயின் அண்டை வீட்டாரின் கருத்தைக் கேட்டறிதல் அங்கு முறையாக இருக்கின்றது. விதியினும் மேலாக, துன்பம் அடையப் போகின்றவரையே வினவும் இப்பண்பு பாராட்டத்தக்கது.

இசைவின்றிச் செய்ததன் விளைவு

ஒழுங்கின் அருமை ஒழுங்கின்மையால் விளங்கும். 1971ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி பிரெஞ்ச் கனெக்ஷன்’ என்னும் புகழ்பெற்ற படத்தில், புரூக்ளின் பகுதியில் தூண்களின்மேற் செல்லும் ரயிலை ஒரு கார் தெருவழியே துரத்திச் செல்லும் காட்சி உள்ளது. அக்காட்சியின் சில பகுதிகளை உரிய இசைவின்றியே எடுத்ததாக அதன் இயக்குநர் வில்லியம் பிரீட்கின் பிற்காலத்தில் தாமே ஒப்புக்கொண்டார். படப்பிடிப்பு நடைபெறுவதை அறியாது தம் வேலைக்குச் சென்றுகொண்டிருந்த ஒருவரின் கார்மீது அவர்களுடைய கார் மோதியது. படக்குழுவினர் அவர் காரைப் பழுது பார்க்கும் செலவைக் கொடுத்தனர். அம்மோதலையும் படத்தில் வைத்துக்கொண்டனர்.

அப்படம் அவ்வாண்டின் சிறந்த படத்திற்குரிய ஆஸ்கார் விருதைப் பெற்றது. காட்சியின் விறுவிறுப்பை இன்றும் பலர் புகழ்கின்றனர். ஆனால், அன்று காரில் இருந்தவரின் உயிர் போயிருந்தால் எந்த விருது அதனை ஈடு செய்திருக்கும்? பல்லாண்டு கழிந்தபின் பிரீட்கின் தாமே, மனித உயிர்களை அவ்வாறு ஆபத்திற்கு உள்ளாக்கியதை இனி ஒருபோதும் செய்யமாட்டேன் என்னும் கருத்துப்படப் பேசினார். கலை உயர்ந்தது, உயிர் அதனினும் உயர்ந்தது.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உண்டு. இரவும் பகலும் மக்கள் நெருங்கியிருக்கும் டைம்ஸ் சதுக்கத்தில் ஒருவரும் இல்லாத காட்சி ஒன்று ‘வெனிலா ஸ்கை’ என்னும் படத்திற்கு வேண்டியிருந்தது. நகரத்தின் இசைவுடன், 2000ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் அதிகாலையில், மக்கள் நடமாட்டம் மிகக் குறைந்த வேளையில், சில மணி நேரம் அவ்விடத்தை அடைத்து அக்காட்சியை எடுத்தனர். முறையாகச் செய்தால் அரிய காட்சியையும் பிறர்க்கு இடரின்றி எடுக்கலாம் என்பதற்கு இது சான்று.

கட்டுப்பாட்டிற்கும் ஓர் எல்லை

இசைவு முறை நன்று என்பதனால் எல்லாவற்றிற்கும் இசைவு வேண்டும் என்று வகுத்தல் நன்றாகுமா? இவ்வினாவை எழுப்பியவர் நம் நாட்டினர் ஒருவர் என்பது நாம் அறியத்தக்கது. இந்தியாவைச் சேர்ந்த ஆவணப்பட இயக்குநர் ராகேஷ் சர்மா, 2005ஆம் ஆண்டு மே மாதத்தில் நியூயார்க் நகரத் தெருவொன்றில், கையடக்கமான கருவியால் வாடகைக் கார்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் லாரி இல்லை, விளக்கு இல்லை, பரிவாரமும் இல்லை. காவலர் அவரைத் தடுத்துப் பல மணி நேரம் வைத்து வினவினர். பின்னர் அவர் முறைப்படி இசைவு வேண்டியபொழுது அதுவும் மறுக்கப்பெற்றது. எவ்வகைப் படப்பிடிப்பிற்கு இசைவு வேண்டும், எதற்கு வேண்டா என்பதற்கு எழுதப்பெற்ற விதி அங்கு இல்லாதிருந்தது. அவர் 2006ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தார்.

அவ்வழக்கின் பயனாக, நகரம் விதிகளை எழுத முற்பட்டது. 2007ஆம் ஆண்டு வெளியிட்ட வரைவின்படி, இருவர் ஒரு கருவியுடன் ஓரிடத்தில் அரைமணி நேரம் நின்று படமெடுத்தாலும் இசைவும் பத்து இலட்சம் டாலர்க் காப்பீடும் வேண்டும் என்றாயிற்று. ஊர் காண வந்த குடும்பத்தாரும், பயிலும் மாணவரும், பறவைகளைப் படமெடுப்போரும் இவ்விதியில் அகப்படுவர் அன்றோ? மக்கள் பெருந்திரளாக எதிர்ப்புத் தெரிவித்தனர். நகரம் அவ்வரைவைக் கைவிட்டு, 2008ஆம் ஆண்டில் திருத்திய விதிகளை நடைமுறைப்படுத்தியது.

அவ்விதிகளின்படி, கையில் ஏந்திய கருவியையோ முக்காலியில் நிறுத்திய கருவியையோ கொண்டு படமெடுப்போர், தெருவைத் தமக்கே உரியதாக்கிக் கொள்ளாதவரையில், இசைவு பெறவேண்டியதில்லை. நடைபாதையில் பாதி அகலத்தையோ 8 அடியையோ, இவற்றுள் எது மிகுதியோ அதனை, நடப்போர்க்கு விட்டுவிட்டாற் போதும். வண்டிகளை நிறுத்திப் பெருங்கருவிகளை வைத்து இடத்தை அடைப்போர்க்கே இசைவு வேண்டும். பிறரை எந்த அளவிற்கு இடர்ப்படுத்துகின்றோமோ அந்த அளவிற்கே கட்டுப்பாடு என்னும் நீதி இவ்வாறு நிலைபெற்றது.

நம் நாட்டில்

ஒலியைப் பற்றி நம் நாட்டிலும் சட்டம் உண்டு. 2000ஆம் ஆண்டில் நடுவண் அரசு வெளியிட்ட ஒலிமாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் எல்லை. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சூழ 100 மீட்டர் வரையுள்ள இடத்தை அமைதிப் பகுதியாகக் கொண்டு, பகலில் 50 டெசிபலும் இரவில் 40 டெசிபலும் எல்லையாக வகுத்துள்ளனர். இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. இவ்விதி படக்குழுவிற்கு மட்டும் உரியதன்று. திருமண வீட்டிற்கும், பொதுக்கூட்டத்திற்கும், நம் வீட்டு வானொலிக்கும் இதே அளவுகோல்தான்.

முடிவுரை

மாணவர்களே! உங்கள் தெருவிற்கு ஒருநாள் படக்குழு வந்தால் நீங்கள் மகிழ்ச்சியுடன் ஓடிச் சென்று பார்ப்பீர்கள், அஃது இயல்பே. அப்பொழுது நடிகரை மட்டும் பாராதீர்கள். விளக்குத் தூணைத் தாங்கி நிற்கும் தொழிலாளியையும் பாருங்கள்; அவர் உழைப்பின்றிப் படம் இல்லை. தெருவின் மறுகோடியில் சாளரத்தை மூடிக்கொண்டு உறங்க முயலும் இரவுப்பணியாளரையும் நினைத்துப் பாருங்கள். அவர்க்கும் அத்தெரு உரியது.

முன்னரே அறிவித்தல், வேண்டிய அளவே இடம் கொள்ளுதல், குறித்த நேரத்தில் நீங்குதல், கேடு நேர்ந்தால் ஈடு செய்தல், வந்தபோது இருந்தவாறே இடத்தைத் தூய்மையாக்கிச் செல்லுதல் ஆகிய இவ்வைந்தும் இசைவுச் சீட்டின் சாரம். இவை படமெடுப்போர்க்கு மட்டும் உரிய கடமைகள் அல்ல. வீட்டின்முன் பந்தலிடுபவரும், தெருவில் விளையாடும் சிறுவரும், ஊர்வலம் செல்வோரும் இவற்றைப் போற்றுதல் வேண்டும். பொதுவிடத்தைப் பயன்படுத்தும் உரிமை நம் எல்லார்க்கும் உண்டு. அடுத்தவர்க்கும் அவ்வுரிமை உண்டு என்பதை மறவாதவரே நல்ல குடிமக்கள் ஆவர்.